பெயர் ஒட்டாத காபிப் பொட்டலங்கள்

ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவின் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். உன் சளி விட்டதா, இல்லை அதையும் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போகப் போகிறாயா?

மாமாவுக்கு நாளைக்கு உன் ஊர் பஸ்ஸில் டியூட்டி. இந்தக் கடிதத்தையும் ஒரு துணிப்பையையும் உன் அறையில் கொடுத்துவிட்டு வருவார். பையில் இருப்பது காபி.

போன மாதம் வந்தபோது, வேலைக்குப் போகிற இடத்தில் பால் கிடைக்காது, சுடுதண்ணீர் மட்டும்தான் கிடைக்கும், அங்கே கொடுக்கிற காபியை வாயில் வைக்க முடியாது என்று சொன்னாய். அதனால் சுடுதண்ணீர் ஊற்றினால் காபியாகிற மாதிரி ஒரு கலவை செய்து பார்த்தேன். முதல் தடவை காலை வாரிவிட்டது. இன்ஸ்டன்ட் காபித்தூளையும் பால் பவுடரையும் சர்க்கரையையும் டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்கின்றன. ஒரு டம்ளர் வெறும் பாலாக வருகிறது, அடுத்த டம்ளர் கஷாயமாக வருகிறது. பிறகு சர்க்கரையையும் காபித்தூளையும் சேர்த்து மிக்ஸியில் மாவாக அரைத்து, சூடு ஆறவிட்டு, பால் பவுடரோடு கலந்து இரண்டு தரம் சலித்தேன். இப்போது டப்பாவின் எந்த மூலையில் எடுத்தாலும் ஒரே ருசி. "கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரே டிக்கெட்" என்று மாமா சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

ஒரு டம்ளருக்கு ஒரு பொட்டலம். எடுத்தவுடன் தண்ணீரை முழுதாக ஊற்றாதே, கட்டி தட்டும். கொஞ்சம் ஊற்றிக் குழைத்துக்கொண்டு பிறகு மீதியை ஊற்று. ஈரக் கையால் தொடாதே.

மடிப்பைப் பார்த்துச் சிரிக்காதே. தாள் கடையில் வாங்கிய வெள்ளைத் தாள்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பொடி மருந்து மடித்து மடித்து இந்தக் கைக்கு வேறு மடிப்பு வரமாட்டேன் என்கிறது. பேர் எழுதி ஒட்டட்டுமா என்று மாமா கேட்டார். காபிக்கு எதுக்கு லேபிள், பிரித்தால் மூக்கு சொல்லும் என்றேன்.

முதல் தடவையாகக் கடல் தாண்டுகிறாய். மேனேஜர் கூட வருகிறார் என்பது எனக்குப் பெரிய தைரியம். போய்ச் சேர்ந்ததும் எழுது.

உன் உடம்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஞாபகப்படுத்தும்,
அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சளி பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டது. மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பயணத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. விமானம் ஏறுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வரிசை நீளம்.

கட்டடம் மேலே வரை எழும்பிவிட்டது, ஜன்னல்தான் இன்னும் இல்லை. லிப்ட் ஓட வேண்டிய இடம் மேலிருந்து அடிவரைக்கும் ஒரே கிணறு. உச்சியிலிருந்து குண்டு கட்டிக் கம்பியைத் தொங்கவிட்டு, அந்தக் கம்பிக்கு நேராக இரும்புத் தண்டவாளங்களை நிறுத்துவதுதான் இப்போது என் வேலை. ஒரு மயிரிழை விலகினால் போதும், பிற்காலத்தில் லிப்டில் போகிறவர்களுக்கு உதறும். காற்றடிக்கும்போது கம்பி ஆடும். அது நிற்கும் வரை நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

தகரக் கூரை போட்ட அறையில் நானும் ஒரு வெல்டரும் இருக்கிறோம். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு கெட்டில். போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது. அதில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும், மீதி நேரம் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான் கேட்கும். அதனால் கடிதமே போடுகிறேன்.

காபி நன்றாக இருந்தது.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்த அன்று மாமா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போ முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். முழங்காலைப் பற்றி நீ இரண்டு வரி எழுதியிருந்தால் கூத்தே ஆடியிருப்பார். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

"காபி நன்றாக இருந்தது" என்று விருந்தாளி மாதிரி ஒரு வரியில் முடித்துவிட்டாயே. கட்டி தட்டுகிறதா? இனிப்பு தூக்கலா? அங்கே தண்ணீர் உப்பாக இருந்தால் ருசி மாறுமே. இதையெல்லாம் சொன்னால்தானே அடுத்த தடவை சரிசெய்ய முடியும். தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல், இன்னும் கொஞ்சம் அரைத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

இங்கே இருமல் சீசன். காலையில் ஸ்டோர் கதவைத் திறக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே வரிசை காம்பவுண்டைத் தாண்டி நிற்கிறது. "கம்பவுண்டரம்மா, போன தடவை குடுத்த அந்த மஞ்சள் மாத்திரை" என்கிறார்கள். மஞ்சளாகவே எத்தனையோ இருக்கின்றன, எதையென்று கொடுப்பேன்? ஆனாலும் முகத்தைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடுகிறது.

உயரத்தில் வேலை செய்யும்போது பெல்ட் போட்டுக்கொள்கிறாய்தானே? அதற்கும் பதில் எழுது.

உன் கடிதத்துக்காக வாசலைப் பார்க்கும்,
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகமாக இருப்பது கேட்டு சந்தோஷம். மாமாவின் முழங்காலுக்கு என் தனி வணக்கம். பெல்ட் போட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில். கட்டி தட்டவில்லை. நீ சொன்ன மாதிரி முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்கிறேன். இனிப்பு அளவாக இருக்கிறது. மணம் கிளம்பினதும் வெல்டர் டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். மேனேஜர்கூட ஒருநாள் குடித்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். கடையில் இல்லை, அக்கா செய்தது என்று சொன்னேன். உங்கள் அக்காவுக்கு நல்ல கைமணம் என்றார்.

இன்னும் அனுப்ப வேண்டாம். இருப்பதே போதும். சாமான் வந்தால் வழியில் பிரித்துப் பார்த்து வீணாக நேரமாக்குகிறார்கள். உனக்கும் வேலை மிச்சம்.

தண்டவாளம் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டது. நேற்று காற்றே இல்லை, கம்பி சிலை மாதிரி நின்றது. எல்லோரும் சந்தோஷமாக வேலை செய்தோம்.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். மாமா டியூட்டிக்குப் போய்வருகிறார். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கை ஓடவில்லை.

என்னை மருந்து ஸ்டோரிலிருந்து சீட்டுப் பதிகிற மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை என்று வைத்துக்கொள். பேர், வயது, என்ன உபத்திரவம் என்று கேட்டு எழுத வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. ஸ்டோர் சாவி இப்போது வேறொருவரிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் இடுப்பில் கனத்தது இல்லாததால் நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் போன கடிதத்தைப் பலமுறை படித்தேன். எந்தக் கடை என்று மேனேஜர் கேட்டதும், அக்கா செய்தது என்று நீ சொன்னதும். அக்கா என்ற அந்த வார்த்தையையே சொன்னாயா?

இன்னொன்று. ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியைத் திறந்து பார்க்கிற இடத்தில், பொட்டலத்தைக் காட்டி இது என்ன என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுது. இப்போது எழுதினாலும் பரவாயில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

வெயில் அதிகம் என்று கேள்விப்பட்டேன். தலையில் துணி கட்டிக்கொள்.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

மேஜை வேலை வந்தது ஒரு வகையில் நல்லதுதான். நின்று நின்று உன் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. இனிமேல் உட்கார்ந்து பார்க்கலாம். இதை நீ ஒரு ஓய்வு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி பார்க்கிற இடத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோருடைய பெட்டியையும் திறந்தார்கள், என்னுடையதையும் திறந்தார்கள், மூடினார்கள். மேனேஜரிடம் அக்கா என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்வேன்?

இங்கிருந்து லீவில் வருகிற எலெக்ட்ரீஷியனிடம் உனக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தனுப்பியிருக்கிறேன். நல்ல கம்பளி. மாமாவுக்கு முழங்காலில் கட்டுகிற பட்டை. உங்கள் தெருவரைக்கும் வந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வேறு ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் எழுது. எதுவானாலும் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

*

மே 28

தம்பிக்கு,

சால்வை வந்தது. பட்டையும் வந்தது. மாமா கட்டிக்கொள்கிறார். சுகம்.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள மச்சானுக்கு,

உன் மாமா எழுதுவது. எனக்கு டிக்கெட் கிழிக்கத் தெரியுமே தவிரக் கடிதம் எழுதத் தெரியாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். பட்டை கட்டினதில் முழங்கால் தேவலாம். உன் அக்காவுக்குத் தெரியாமல் டிப்போவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு எழுதக்கூடாது என்று அவள் சத்தியம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன், வாயால் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் விமான நிலையத்து அதிகாரி ஒருவரும் ஒரு போலீஸ்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காலை வேளை, ஜன்னலில் வரிசை நிற்கிற நேரம். எல்லோருக்கும் முன்னால் உன் அக்காவை வெளியே கூப்பிட்டு, இந்த மடிப்பு உன்னுடையதா என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினார்கள். ஆமாம், காபி என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோரைப் பூட்டி சீல் வைத்தார்கள். பிறகு ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நான் அன்றைக்கு ஆஃப், வாசலில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் சர்க்கரை டப்பா, மாவு டப்பா எல்லாவற்றையும் பேப்பரில் கொட்டிக் கிளறினார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் நாம். வெளுத்ததெல்லாம் விஷம் என்று பார்ப்பது அவர்கள் வேலை. அதில் எனக்கு வருத்தமில்லை. தெரு முழுக்க வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து நன்றாகத் தெரிகிறது என்று மாடிக்கே போய்விட்டார்.

சோதனைக்கு எடுத்துப் போனார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் ஸ்டோர் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவு. உன்னிடம் ஆள் பற்றாக்குறை என்றுதான் எழுதியிருப்பாள்.

இதுவரைக்கும் எனக்கும் தெரியும். மேற்கொண்டு போன வாரம் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சொன்னார். அவர் அன்றைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். "என் தம்பிதான் எடுத்துட்டுப் போனான், அவனைக் கேளுங்க, சொல்லுவான்" என்று உன் அக்கா சொன்னாளாம். அதற்கு அந்த அதிகாரி, "அவரைக் கேட்டாச்சும்மா. அது என்னன்னே தனக்குத் தெரியாதுன்னுட்டார். ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற ஒரு அம்மா, அங்க யார்கிட்டயோ சேக்கச் சொன்னாங்கன்னார். நீங்க அக்காவா? அதை அவர் சொல்லலையே" என்றாராம்.

இத்தனை நாளும் இதை மட்டும் அவள் என்னிடம் சொல்லவில்லை மச்சான்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. அந்த ஆள் புளுகியிருந்தால் சொல், டிப்போ ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிற்கிறேன். நிஜமாக இருந்தால் எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. விசில் அடித்துவிட்டேன். நிறுத்துவதும் நிறுத்தாததும் உன் கையில்.

உன் மாமா

*

ஜூலை 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமாவைக் கோபிக்காதே.

நிஜம்தான். அந்த அதிகாரி ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் மேனேஜர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். டாக்டரா என்று கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் எனக்கு நாற்காலி போட்டுப் பேச ஆரம்பித்தார். மற்ற ஃபிட்டர்களை "டேய்" என்பவர் என்னை "வாங்க" என்றார். அந்த "வாங்க"வை விட எனக்கு மனசு வரவில்லை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பொட்டலங்களை இரும்பு மேஜையில் பரப்பினார்கள். கையுறை போட்ட ஒருவர் ஒன்றைப் பிளேடால் கீறினார். மாவு கொட்டியது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் என் தோள் பக்கத்தில் நின்றார். "என்ன, டாக்டர் அக்கா மருந்து கட்டிக் குடுத்திருக்காங்களா?" என்று சிரித்தார்.

"என்ன இது?" என்று கையுறைக்காரர் கேட்டார்.

காபி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மணம்கூட வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் காபி என்றால், யார் செய்தது, ஏன் இந்த மடிப்பு, டாக்டர் உட்கார்ந்து பொட்டலம் மடிப்பாரா என்று மேனேஜர் கேட்பார் என்று என் புத்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "என்னோடது இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தங்க குடுத்தாங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் விடவில்லை. யார் அந்த ஒருத்தங்க என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் நான் ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லி, அங்கே மருந்து கொடுக்கிற ஒரு அம்மா, போகிற இடத்தில் யாரிடமோ சேர்க்கச் சொன்னார்கள் என்றேன்.

போதை மருந்தா என்று அவர்களிடம் இருந்த ஒரு திரவத்தைத் துளி விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் காட்டவில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் கம்பெனி பேரில் எனக்காகக் கையெழுத்துப் போட்டு என்னை விமானத்தில் ஏற்றினார். வேற்று மனிதர் அவர், எனக்காகக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா, உன் காபியை நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வெல்டர் டம்ளரோடு வந்து நின்றது, மேனேஜர் கைமணம் என்று சொன்னது எல்லாம் நானாக உட்கார்ந்து எழுதியது. ஏப்ரலில் நீ கேட்டபோது எனக்குப் பயம் வந்தது. ஏதோ தெரிந்திருக்கிறது என்று பட்டது. உடனே போய்ச் சால்வை வாங்கினேன்.

நேற்று மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு, "பெத்த தாயா இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பியாடா?" என்றார். இப்போது என்னையும் "டா" என்றுதான் கூப்பிடுகிறார். உங்கள் பெரிய டாக்டருக்கும் அந்த அதிகாரிக்கும் நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சாட்சியாக அவரும் போட்டார். இன்றைய தபாலில் போகிறது. வேலை முடியாமல் லீவு தரமாட்டார்கள்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி

*

ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறோம். உன் ஜூலைக் கடிதமும் அதற்குப் பிறகு வந்த இரண்டும் என்னிடம் இருக்கின்றன. பதில் எழுத உட்கார்ந்த போதெல்லாம் அரிசி களைய வேண்டும், துணி காயப்போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

சோதனை முடிவு வந்துவிட்டது. காபி, பால், சர்க்கரை. பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். "உங்க காபிக்கு கவர்மென்டே சர்டிபிகேட் குடுத்துட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு அது என்னவென்று தெரியாது என்று நீ சொன்னதாக அந்த அதிகாரி சொன்னாரே, அப்போது நான், "ஆமா, அவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்லாம குடுத்துட்டேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது யார் வீட்டுக் கண்ணாடியை உடைத்தாலும் நான் முந்திக்கொண்டு போய் நிற்பேனே, அந்தப் பழக்கம். "சொல்லாம குடுக்கற அளவுக்கு அதுல என்னம்மா இருக்கு?" என்று அவர் கேட்டார். அதனால்தான் விசாரணை இத்தனை மாதம் இழுத்தது. பொடியில் எந்தக் குற்றமும் இல்லை. ஒருவர் பொய்க்கு இன்னொருவர் பொய் முட்டுக்கொடுத்து நின்றதுதான் குற்றம். லேபிள் ஒட்டாமல் ஒரு பொட்டலத்தைக் கையைவிட்டு அனுப்பியதும் என் தப்புதான். என் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

சர்க்கரையைக் கொட்டிக் கிளறினார்கள் என்று எனக்கு வெட்கமில்லை. கம்பவுண்டர் என்று சொல்லவும் வெட்கமில்லை. நீ சொல்லாமல் விட்டதைக் கேட்டபோதுதான் வெட்கம் வந்தது. அதை மாமாவிடம்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு வந்தது. அதன்மேல் நீ வெல்டர் டம்ளரோடு நிற்கிறார் என்று எழுதிய கடிதத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

இப்போதும் ஜன்னலில் சிலர் என்னைப் பார்த்ததும் பக்கத்து ஜன்னலுக்கு நகர்கிறார்கள். நகராதவர்கள் நான் கொடுத்த பொட்டலத்தை முகர்ந்து பார்க்கிறார்கள். உன் கடிதத்தைப் பெரிய டாக்டர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். என்னை அவமானப்படுத்தியது வாசலில் நடந்தது. குற்றம் இல்லை என்று தீர்ந்தது கதவுக்குள் நடந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ நிம்மதியாகச் சாப்பிடுவாய். இப்போதைக்கு எழுத முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது, வீட்டுக்கு வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வா. வரிசை நிற்கிற நேரத்தில் வா. வரிசையில் நின்று, உன் முறை வரும்போது, நீ யார் என்று அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல். எனக்கு வேறு எதுவும் வாங்கி வர வேண்டாம்.

அக்கா

*

அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடல் தாண்டின வேலை முடிந்துவிட்டது, நான் பழையபடி இங்கே கம்பெனி அறைக்கே வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு நீ நிமிரவே இல்லை. அதனால் என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண், அவருக்கு முன்னால் காலில் கட்டுப் போட்ட ஒருவர். வரிசை நகர நகர, திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார். என் முறை வந்தது. "சீட்டைக் குடுங்க" என்று கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினாய். என்னிடம் சீட்டு இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. அது யார் என்று உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் வரிசைப் பக்கம் திரும்பினேன். "நான் இவங்க தம்பி. கூடப் பிறந்த தம்பி. அன்னிக்குப் போலீஸ் வந்தது என்னாலதான். இவங்க எனக்குக் காபிதான் கட்டிக் குடுத்தாங்க. நான்தான் இவங்க யாருன்னே தெரியாத மாதிரி பேசிட்டேன்" என்றேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது இன்னும் நிறைய இருந்தது. அதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குழந்தை அழுதது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "சரிப்பா, சொல்லிட்டேல்ல. நகரு, எங்களுக்கும் வேலை இருக்கு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நகர்ந்துவிட்டேன். நீ அடுத்த சீட்டை வாங்கினாய்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டியூட்டி முடிந்து நீ வருவாய் என்று தெரியும். ஆனால் வந்தால் எந்த முகத்தோடு எழுந்து நிற்பது என்று தெரியவில்லை. மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். மாமாவைக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னதைச் செய்தேன் என்பது மட்டும் நிஜம். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ முகம் பார்க்காத அளவுக்கு நான் ஆகிவிட்டேன் என்பது மட்டும் தெரிகிறது. அதற்கு உன்மேல் வருத்தமில்லை.

தம்பி

*

நவம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாமாவுக்கு முழங்கால் மறுபடியும் மக்கர். வேறு குறை இல்லை. நீ மெலிந்திருக்கிறாய் என்று வாட்ச்மேன் சொன்னார்.

டியூட்டி முடிந்து வெளியே வந்து பெஞ்சில் பார்த்தேன். பிறகு கேன்டீனில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கும் போனேன். நீ எழுதியிருந்த தேதிக்கு மாமா லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார். எங்கே அவன் என்று என்னைக் கேட்டார்.

பக்கத்து ஜன்னலுக்குப் போகிறவர்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நீ பேசினதால் ஊர் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறும் என்று நானும் நினைக்கவில்லை.

நான் ஏன் நிமிரவில்லை என்று நீயாக ஒன்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறாய். உன் குரல் நடுங்கினது எனக்குக் கேட்டது. கம்பியைப் பிடித்திருந்த உன் விரல்களைப் பார்த்தேன். இவ்வளவு வளர்ந்தவனை, இத்தனை பேருக்கு முன்னால் இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று எனக்கே கூசியது. நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்திருந்தால், போதும்டா என்று சொல்லியிருப்பேன். போதும் என்று நான் சொல்லிவிடக்கூடாது, நீ சொல்லி முடிக்க வேண்டும் என்றுதான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு எனக்கு லீவு. மாமாவுக்கும் லீவு. ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். நேராக வீட்டுக்கு வா. பகலிலேயே வா. தெருவில் நான்கு பேர் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் வாசலில் நிற்கிறேன்.

உன் அக்கா